மிஞ்சிய அளவு யாருடையது?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இந்தப் பழமொழியை மறுத்துப் பேசிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மேடையில் சொல்கிறார்கள், டாக்டர் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். மாத்திரை கூடிப்போய் ஆஸ்பத்திரியில் கிடப்பவனின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்கிற வைத்தியர் சொன்னதும் இதையேதான்: ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவு. சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் அளவு என்று ஒன்று இருந்தால் அதை அளந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். எந்த உடம்பில் வைத்து அளந்தாரோ அந்த உடம்பு ஒன்றும் இருக்க வேண்டும். அந்த உடம்பு காலையில் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வெயிலில் நின்றதா நிழலில் உட்கார்ந்திருந்ததா என்ற கேள்விகளுக்குப் பழமொழியில் இடமில்லை. 'மிஞ்சிவிட்டது' என்று சொன்ன மாத்திரத்திலேயே குற்றம் முழுங்கியவன் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் பேச்சு காற்றோடு போய்விடும். ஒரே ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சீட்டில் எழுதித் தருகிற கிளிபென்கிளமைடு. டயோனில் என்ற கம்பெனிப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியும். சர்க்கரை வியாதியைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி இருக்கிறது என்கிறது. எங்கள் தெருவில் எந்த வீட்டு மாடாக்குழியில் கை விட்டாலும் ஒரு மாத்திரைக் கவர் வரும்.

இந்த மாத்திரை செய்கிற வேலை எளிமையானது, கொஞ்சம் முரட்டுத்தனமானதும்கூட. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றுக்குள் சோறு வந்து சேர்ந்ததா இல்லையா என்று அது பார்க்காது. சோறு இருந்தால் அந்தச் சோற்றின் சர்க்கரையை இன்சுலின் இறக்கும். சோறு இல்லாவிட்டால் ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் இறக்கிவிடும். மூளைக்குச் சர்க்கரைதான் விறகு. ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடம்பு கூப்பாடு போட ஆரம்பிக்கும்: குப்பென்று வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். 54க்குக் கீழே போனால் மூளையே பட்டினி. நாக்கு குழறும். கால் பின்னும். சொல்ல நினைத்த வார்த்தை வராமல் வேறு வார்த்தை வரும். காரணமில்லாமல் கோபம் வரும், அடிக்கக்கூடக் கை ஓங்குவார்கள். அதற்கு மேலும் இறங்கினால் வலிப்பு, நினைவிழப்பு, சாவு. வயதானவர்களிடம் முதல் கட்டத்துக் கூப்பாடு சரியாக வெளியே தெரியாமல் நேராக இரண்டாவது கட்டமே வந்துவிடுவதும் உண்டு.

குழறல், தள்ளாட்டம், கோபம். இந்த மூன்றையும் ஒரு மனிதனிடம் பார்த்தால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? அதிலும் அந்த மனிதன் எந்தத் தெருக்காரன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்?

சுந்தரபாண்டியம் வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் பேரூராட்சி. மேற்கே மலை, தென்னந்தோப்பு, நெல்வயல், ஊருக்குள் தறிச்சத்தம். எங்கள் ஆட்களுக்கு அன்றும் இன்றும் காட்டு வேலைதான் பெரும்பாடு. படித்த பிள்ளைகள் ராஜபாளையம் மில்லுக்கோ திருப்பூருக்கோ போய்விட்டார்கள். தோப்பில் மடை திருப்புவதும், மட்டை பொறுக்குவதும், களை பிடுங்குவதும் அறுபதைத் தாண்டியவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. விடியக்காலம் அஞ்சரைக்குக் கிளம்புகிற ஆள் ஒரு வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். தூக்குவாளியில் இருக்கிற கஞ்சியைத் திறப்பதற்குப் பதினோரு மணி ஆகும். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கிறது, அதனால் பட்டினி என்று நான் சொல்ல மாட்டேன். சோறு இருக்கிறது. சோற்றுக்கு உரிய நேரம் கூலிக்காரன் கையில் இல்லை, வேலை கொடுப்பவன் கையில் இருக்கிறது.

மாத்திரைக் கவரில் எழுதியிருப்பது என்ன? காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. எழுதியவர் மனதில் ஒரு காலை இருக்கிறது. எட்டு மணிக்கு இட்லி வருகிற காலை. எங்கள் சின்னையாவின் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என்பது பத்தரை மணி; தோப்புக்கு நடுவில், தண்ணீர் மடையில். மாத்திரையோ வீட்டு மாடாக்குழியில். அதனால் அவர் டாக்டர் சொன்னதை மதித்துக் காலையிலேயே, கிளம்புவதற்கு முன்னால் போட்டுக்கொண்டு போவார். சொன்னபடி கேட்கிற ஆள். ஒருநாள் தவறவிட மாட்டார்.

2018 ஆவணியில் அவருக்கு வயது 67. இன்னொரு விஷயமும் நடந்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஒரு கவரில் இருந்தது. காலில் புண் ஆறவில்லை என்று தனியார் டாக்டர் ஒருவரிடம் காட்டியபோது அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டையில் இருந்தது. கவரில் இருந்ததற்கு ஒரு பெயர், அட்டையில் இருந்ததற்கு வேறு பெயர், நிறமும் வேறு. சின்னையா இரண்டையும் போட்டார். இரண்டும் ஒரே மருந்துதான் என்பது பின்னாடி நாங்கள் கவரையும் அட்டையையும் கொண்டுபோய் ஒரு மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டி விசாரித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் உண்டு: ஊரில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ரிக்கார்டில் இருக்கிற பெயர் ஒன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் ஆபீசில் நிரூபிப்பதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். மாத்திரைக்கும் அந்தக் கதை உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

அன்று வேலை முடியாமல் பாதியில் திரும்பியிருக்கிறார். தூக்குவாளி திறக்கவில்லை. பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே போய் நின்று கையை நீட்டி என்னமோ கேட்டிருக்கிறார். "சீனி... சீனி..." என்று அவர் கேட்டதாகப் பார்த்த ஒரு பையன் பிறகு சொன்னான். கடைக்காரருக்கு அது சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. "காலங்காத்தால ஊத்திட்டு வந்து ரவுசு பண்ணாத, அங்கிட்டுப் போ" என்று விரட்டியிருக்கிறார். கீழே விழுந்த பிறகும் சுற்றி நின்றவர்கள் அதையேதான் சொன்னார்கள். எங்களுக்குத் தகவல் வந்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மணி பன்னிரண்டரை. அங்கே உட்கார்ந்திருந்தவர் சின்னையாவைத் தொடவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "எவ்வளவு குடிச்சான்?"

"குடிக்கலய்யா."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. வெளிய பெஞ்சுல போடுங்க. தெளிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க."

சின்னம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தது. "சாமி, எம்புருசன் இன்னைக்கு ஒரு சொட்டுத் தொடல சாமி, ஊதச் சொல்லிப் பாருங்க சாமி" என்று அது காலில் விழப் போனதை நான் பார்த்தேன். சர்க்கரை வியாதி இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். மூன்று மணி வரைக்கும் பெஞ்சில் கிடந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அந்த வழியாகப் போன பயிற்சி நர்ஸ் பிள்ளை ஒன்று, யாரும் சொல்லாமல் தானாகவே வந்து விரலில் குத்திப் பார்த்தது. 31. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். இப்போது கேள்வி மாறியது. "எத்தனை மாத்திரை தின்ன? வீட்ல எதுவும் பிரச்சனையா?" தற்கொலை முயற்சியா என்று விசாரணை, போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரு பேச்சு. அதுவும் இல்லை என்று தெரிந்ததும் மூன்றாவதாக ஒன்று வந்தது: "படிக்காத ஜனங்க, சொன்னா புரியாது."

குடிகாரன், சாகத் துணிந்தவன், மடையன். ஒரே நாளில் ஒரே உடம்பின் மேல் மூன்று தீர்ப்பு. சொன்னபடி கேட்டவன் என்ற நான்காவது விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாவது அநியாயம், மருத்துவம் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் உடம்பில் நின்று வேலை செய்கிற மருந்து. சிறுநீரகம் தளர்ந்த வயசாளியிடம் இன்னும் நேரம் கூடும். குளுக்கோஸ் ஏற்றியதும் ஆள் எழுந்துவிடுவார், குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கிவிடும். ஒருநாளோ அதற்கு மேலோ படுக்க வைத்து, மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சின்னையாவுக்கு மறுநாள் விடிகாலை மறுபடி வந்தது, இந்தத் தடவை வலிப்போடு. வேறு ஆஸ்பத்திரி, நாலு நாள். திரும்பி வந்தவர் பழைய சின்னையா இல்லை. வாய்க்கால் மடைகளை வரிசையாகப் பெயர் சொல்லிச் சொல்கிறவர், பேரப்பிள்ளைகளின் பெயருக்கே யோசித்து நிற்கிறார்.

ஃபூக்கோ என்கிற பிரெஞ்சு அறிஞர் மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி 1963இல் எழுதிய புத்தகத்தில், 18ஆம் நூற்றாண்டின் முடிவில் மருத்துவர் நோயாளியிடம் கேட்கிற கேள்வி எப்படி மாறிப்போனது என்று பேசுகிறார். உனக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த மருத்துவம், எங்கே வலிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தது. நோயாளியின் கதை பின்னால் போய் உடம்பின் உறுப்பு முன்னால் வந்தது என்பது அவர் வாதம். நம் நண்பர்கள் இதைத் தொண்ணூறுகளில் நிறையப் பேசினார்கள், எழுதினார்கள். அந்தப் பேச்சில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. எங்களிடம் அந்த இரண்டு கேள்வியுமே கேட்கப்படவில்லை. எங்கள் கதையும் வேண்டாம், எங்கள் உறுப்பும் வேண்டாம். எங்களைத் தொடுவதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருந்தது.

அறிகுறி என்பது ஒரு வகையில் சாட்சியம். உடம்பு தனக்கு நேர்ந்ததைத் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறது. சாட்சியம் செல்லுபடியாவதற்குச் சாட்சி உண்மை பேசினால் மட்டும் போதாது என்பது வன்கொடுமை வழக்குகளில் கோர்ட்டு வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். சாட்சி யார் என்பதைப் பார்த்துத்தான் சாட்சியத்துக்கு எடை போடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் அதே தராசு. அங்கே வாய் பேசுகிற சாட்சியம்தான் மறுக்கப்படுகிறது என்று நினைத்திருந்தோம். வேர்வை பேசியதையும் கேட்க ஆளில்லை.

இந்த மாத்திரை பிறந்த கதையைப் படித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 1942, பிரான்சில் மோன்பெலியே நகரம். போர்க்காலம், ரேஷன், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. மார்செல் ஜான்பான் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிதாக வந்த ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு வலிப்பு வந்தது, நினைவு தப்பியது, சிலர் செத்துப்போனார்கள். சர்க்கரையை ஏற்றினால் எழுந்தார்கள். இந்த மருந்து ரத்தத்தில் சர்க்கரையை இறக்குகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. லூபாத்தியேர் என்பவர் அதை மேலும் ஆராய்ந்தார். கிளிபென்கிளமைடு வரைக்கும் வந்து சேர்ந்த குடும்பத்தின் முதல் பிள்ளை அது. நோயிலும் பஞ்சத்திலும் மெலிந்து கிடந்தவர்களின் உடம்பில் வந்த மிகை அறிகுறிதான் அந்த மருந்தின் முதல் செய்தி. பெயர் தெரியாத அந்த நோயாளிகள் தங்கள் வலிப்பால் சொன்னதை ஒருவர் கவனித்தார் என்பதால் மருந்து கிடைத்தது. பசித்த உடம்பில் இது கூடுதலாக வேலை செய்யும் என்பது மருந்தின் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதியிருக்கிற சங்கதி. யாருக்கும் தெரியாத ரகசியம் கிடையாது.

அடுத்த கதை பெர்லினில், 1950களின் நடுவில். கார்புடமைடு என்ற இதே இனத்து மருந்தைக் கிருமிக்கொல்லி என்று நினைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஃபூக்ஸ் என்ற மருத்துவர் அதைத் தானே முழுங்கிப் பார்த்தார். நடுக்கம், வேர்வை, பசி. சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. உடனே அவருக்குப் புரிந்துவிட்டது, சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று. அதிலிருந்து சர்க்கரை வியாதிக்கு மாத்திரை என்ற ஒரு யுகமே பிறந்தது. அதே நடுக்கம், அதே வேர்வை, அதே பசி. ஒரு டாக்டரின் உடம்பில் வந்தால் கண்டுபிடிப்பு. சுந்தரபாண்டியத்துக் கூலிக்காரன் உடம்பில் வந்தால் சாராயம். இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு எந்தப் பெயரால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஒரு சங்கடமான இடத்துக்கு வருகிறேன். சின்னையா குடிப்பார். நல்லது கெட்டதுக்கு, எழவு வீட்டில், பொங்கலுக்கு. அன்றைக்குக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். நமது தோழர்கள் சிலர் இந்தச் சம்பவத்தைத் துண்டறிக்கையாகப் போடலாம் என்று வந்தபோது, 'மது அருந்தாத முதியவர்' என்று எழுதலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். அப்படி எழுதினால் ஒரு விதியை நாமே ஒப்புக்கொள்கிறோம்: குடிக்காதவனுக்குச் சிகிச்சை, குடித்தவனுக்குப் பெஞ்சு. மருத்துவ ரீதியாகவே இது தப்பு. சாராயம் உள்ளே போனால் ஈரல் சர்க்கரையை உற்பத்தி செய்வது குறைந்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தவனுக்கு, அதிலும் இந்த மாத்திரையைப் போட்டவனுக்கு, சர்க்கரை இறங்குகிற ஆபத்து கூடுதல். சாராய நாற்றம் அடிக்கிறவனின் விரலில்தான் முதலில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தம், சில வினாடி நேரம். அதற்குப் பதிலாக ஒரு பெண் தாலியைப் பிடித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. யோக்கியன் என்று நிரூபித்தால்தான் மனிதன் என்கிற இந்த அக்கினிப் பிரவேசத்துக்கு நம் ஆட்களை நாமே அனுப்பக் கூடாது. 2003இலிருந்து இந்த மாநிலத்தில் சில்லறை மது விற்பனை அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில். ஒரு கவுண்டரில் விற்றுவிட்டு இன்னொரு கவுண்டரில் ஒழுக்கம் பேசுவது என்ன நியாயம் என்பது தனிக் கட்டுரை.

அளவு என்ற பேச்சுக்குத் திரும்புகிறேன். குறளில் மருந்து அதிகாரத்தில், நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார்த்துத்தான் வைத்தியன் செயல்பட வேண்டும் என்று வருகிறது. மருந்தின் அளவுக்கு முன்னால் நோயுற்றவனின் அளவு. ஆச்சரியமான வரிசை. அந்தக் குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்த்தது ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர், தொழிலால் சித்த வைத்தியர். அளவு தெரியாத ஜனங்கள் என்று நம்மைச் சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். மருந்தை நிறுத்துக் கொடுத்த கை நம்மிடமும் இருந்தது. அந்தத் தராசு எப்போது, எப்படி நம் கையை விட்டுப் போனது என்று யாராவது ஒரு மாணவர் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

பாபாசாகேபுக்கும் சர்க்கரை வியாதி இருந்தது. 1948 ஏப்ரல் 15 அன்று அவர் மணந்த சவிதா அம்மையார் ஒரு டாக்டர். அவருடைய சாப்பாட்டையும் மருந்தையும் பார்த்துக்கொள்ள அளவு தெரிந்த ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நம் தெருவில் அந்த இடத்தில் இருப்பது யார்? எழுத்துக் கூட்டிப் படிக்கிற பேத்தி. மாத்திரை அட்டையில் இருப்பது இங்கிலீஷ். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இங்கிலீஷ். கத்தரிக்கோலால் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் அந்த எழுத்தும் பாதிதான் வரும். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. சின்னையாவிடம் இருந்த 2018ஆம் வருடத்துச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். மருந்துக்கடைத் தம்பியாலேயே இரண்டு தரம் யோசித்துத்தான் படிக்க முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளிபென்கிளமைடு பொருந்தாது என்று 2013லேயே குறித்துவிட்டது. ஐந்து வருடம் கழித்து 67 வயது ஆளுக்கு இரண்டு இடத்தில் அதையே எழுதுகிறார்கள்.

ஆக, மிகை என்பது எங்கே நடந்தது? ஒரு டாக்டர் கொடுத்ததை இன்னொரு டாக்டர் கேட்காமல் இருந்ததில் கொஞ்சம். ஒரே மருந்துக்குப் பல பெயர் வைத்து விற்கிற வியாபாரத்தில் கொஞ்சம். பதினோரு மணி வரைக்கும் கஞ்சிக்கு விடாத வேலையில் கொஞ்சம். முழுங்கியது மட்டும்தான் சின்னையா. ஆனாலும் ஆஸ்பத்திரிச் சீட்டில் மிகைக்குச் சொந்தக்காரனாக எழுதப்பட்ட பெயர் ஒன்றே ஒன்று. 'அவனவன் உடம்பை அவனவன் பார்த்துக்கொள்ள வேண்டாமா' என்று ஒரு நண்பர், நல்லவர்தான், என்னிடம் கேட்டார். பார்த்துக்கொள்ள வேண்டும்தான். பார்ப்பதற்கு வேண்டிய வெளிச்சத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கொடுக்கட்டும். தெரியப்படுத்தாமல் இருப்பதும் ஒரு செயல்தான். அதைச் செய்தவர்களுக்கு நம் அறவியலில் பெயரே வைக்கவில்லை. தெரியாமல் போனவனுக்குத்தான் மடையன் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆரம்பித்தது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிற திட்டம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். வருகிற தன்னார்வலப் பெண்களும் நம்மைப் போன்ற வீடுகளின் பெண்கள்தான். ஆனால் அவர்கள் கையில் இருக்கிற நோட்டில் மாத்திரை எத்தனை என்பதற்குக் கட்டம் இருந்தால் மட்டும் போதாது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். வேறு டாக்டர் கொடுத்த மாத்திரை வீட்டில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கேட்பதற்குக் காசு செலவில்லை.

மாணவத் தோழர்கள் ஊருக்குப் போகும்போது தெருவில் சொல்வதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரை போடுகிற ஆள் திடீரென்று வேர்த்து, நடுங்கி, குழறினால் விசாரணை வேண்டாம். முழுங்குகிற நிலையில் நினைவு இருந்தால் மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணியில் கலந்து கொடுங்கள், இல்லாவிட்டால் கருப்பட்டி, சீனி மிட்டாய். பால்கோவாவுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் நம்முடையது, ஆனால் அவசரத்துக்குப் பால்கோவாவை விடச் சீனித்தண்ணிதான் சீக்கிரம் ஏறும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்ததும் சோறு. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரைக் கவர், அட்டை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். "மொதல்ல விரல்ல குத்திப் பாருங்க" என்று சத்தம் போட்டுச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள், எந்த மாத்திரை என்று கேட்டு, ராத்திரி தங்க வைக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம், அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். மாத்திரையை யாரும் தானாக நிறுத்தவும் வேண்டாம். அதனால் கால் போனவர்களும் கண் போனவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள்.

சின்னையாவின் மாத்திரையை இரண்டாவது ஆஸ்பத்திரி டாக்டர் மாற்றிக்கொடுத்தார். ஓர் இளம் டாக்டர், எந்த ஊர் என்று கேட்டார், எத்தனை மணிக்குக் கஞ்சி என்றும் கேட்டார். முதல் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மது அருந்திய நிலையில் கொண்டுவரப்பட்டார்' என்று இருக்கிற வரியை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. சின்னம்மா இப்போது காலை மாத்திரையை வீட்டில் எடுத்துக் கொடுப்பதில்லை. ஒரு துணுக்குத் துணியில் முடிந்து தூக்குவாளியின் மூடிக் காதில் கட்டிவிடுகிறது. மூடியைத் திறந்தால்தான் மாத்திரை கைக்கு வரும். எங்கள் தெருவில் இன்னும் ஏழெட்டுத் தூக்குவாளிகளில் அந்த முடிச்சைப் பார்க்கலாம்.